சிவப்பு அணி

ஒத்திகை இரண்டு நாள்.
படகுக்கு வாடகை, டீசல் தனி,
மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் என்று
மீன்வளத் துறை ஜீப்பில் வந்து சொன்னார்கள்.
சோனாங்குப்பத்தில் வேறு யாரும் தலையாட்டவில்லை.
எனக்கு இஞ்சின் கடன் இருந்தது.

விடியற்காலை மூன்று மணி, உப்பனாற்றங்கரை.
மீனவர் வேடத்தில் ஐந்து பேர் நின்றார்கள்.
லுங்கி புதுசு, மடிப்பு கலையவில்லை.
ஒருத்தன் இடுப்பில்
விலைச்சீட்டு கூட அப்படியே இருந்தது.
ஐஸ் பெட்டிக்குள் மரத்தில் செய்த குண்டு.
மேலே மறைப்புக்கு நாலு கிலோ மத்தி.
'நாம் சிவப்பு அணி' என்றார் தலைவர் நேகி,
உடைந்த தமிழும் கையுமாக.
'நாம் எதிரி.
பிடிபடாமல் கரையேற வேண்டும்.'

சரி சார் என்றேன்.
என் கைரேகை அட்டையில் இருக்கிறது.
படகின் எண் மூன்று பதிவேட்டில் இருக்கிறது.
கிளம்பும்போது ஒரு கையெழுத்து,
திரும்பினால் ஒரு கையெழுத்து.
எதிரியாவதற்கு நான் பெரிதாக
மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.
போன மாசியில் கோடியக்கரைக்குத் தெற்கே
அந்தப் பக்கத்துக் கடற்படை மடக்கியபோது
என் மச்சான் அஞ்சப்பனுக்கு
ஒத்திகை ஏதும் கிடைக்கவில்லை.

முகத்துவாரம் தாண்டியதும் கொண்டல் காற்று.
நேகி விளிம்பைப் பிடித்துக்கொண்டு
முந்தின நாள் சப்பாத்தி முழுவதையும் கடலுக்குக் கொடுத்தார்.
பதினோரு குளிர்காலம் மலை எல்லையில் நின்றவராம்,
மூச்சுக்குக் காற்றே போதாத உயரத்தில்.
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
'இங்கே எல்லை எங்கே?'

நான் தண்ணீரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.
அது ஒரு சத்தம் சார் என்றேன்,
ஜிபிஎஸ் பெட்டியைத் தட்டிக் காட்டி.
கிட்டப் போனால் கத்தும்.
மீன் அந்தப் பக்கம் இருந்தால்
அதை அணைத்து வைப்பவர்களும் உண்டு.

அவர் சிரிக்கவில்லை.
'எங்களுக்கு ஒரு கல்' என்றார்.
'ஐப்பசியில் பனி மூடிவிடும்.
சித்திரையில் தோண்டித் தேடுவோம்.
கிடைத்த பிறகு மறுபடி காவல் காப்போம்.'

ரோந்துப் படகு வந்தது. விளக்கடித்தார்கள்.
மைக்கில் எண் கேட்டார்கள், சொன்னேன்.
போ போ என்றார்கள்.
தலைக்கு மேல் ஹெலிகாப்டர் ஒரு சுற்று சுற்றியது.
ராடார் எங்களை என்னவென்று நினைத்ததோ.
தேவனாம்பட்டினத்தில் வெயில் வரும் நேரம்
கால் நனையக் கரையேறினோம்.
நேகியின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஊறியது.
ஜெயித்துவிட்டோம் என்று விரலைக் காட்டினார்.

கூடையோடு வந்தாள் ஏலக்கார முல்லைக்கொடி.
பெட்டியைத் திறந்தாள். ஒரு மத்தியை எடுத்தாள்.
செவுளைப் பிளந்து முகர்ந்தாள்.
'கண்ணு செவந்து கெடக்கு.
இது நேத்து மீனு.
இப்பக் கடல்லேருந்து வர்றவன்
நேத்து மத்தியோட எதுக்குடா வர்றான்?'
பிறகு லுங்கி மடிப்பைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள், தெரியாதவள் மாதிரி.
போனை எடுத்தாள்.

ஏழு நிமிடத்தில் துப்பாக்கிகள்.
கரையெல்லாம் கூட்டம், ஆளுக்கொரு செல்போன்.
நேகி முல்லைக்கொடிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.
ஆனால் ஒத்திகையை ஒழுங்காக முடிக்க வேண்டுமாம்.
மண்டி போடு என்றான் காவலர் குழுவின் பொடியன்,
ராசாப்பேட்டைக்காரன், எனக்குத் தூரத்து உறவு.

போட்டேன்.
கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து,
முழங்கையை விரித்து, பார்வை மணலில்.
'பலே, சரியாச் செய்றாரே' என்றார் ஒரு அதிகாரி.
யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்டார்.

அஞ்சப்பன்.
விட்டு வந்த அன்று ராத்திரி
சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு
நடுவீட்டில் செய்து காட்டினான்,
பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று.
சின்னது சிரித்தது.

மத்தியை நாய்க்குப் போட்டார்கள்.
நற்சான்றிதழ் இன்ஸ்பெக்டருக்கு.
வாடகை புரட்டாசி வரை வரவில்லை.
அஞ்சப்பனின் படகு இன்னும் அந்தக் கரையில்
வழக்கெண்ணோடு நிற்கிறது.
நேற்று வலை இறக்கும்போது
காரணமில்லாமல் பெட்டி ஒருமுறை கத்தியது.
கரையிலிருந்து ஆறு மைல்கூட இல்லை.