காலியிடம்

ஜுபைல். ஆகஸ்ட். இரவு இரண்டு பத்து.
வெளியே காற்று ஈரத்துணியாக முகத்தில் ஒட்டுகிறது.
உலைக்குள் எண்ணூற்றைம்பது டிகிரியில்
பென்சில் பருமனில் கருப்புக் குழாய்கள், அறுபத்திரண்டு.
பீங்கான்தான். ஆனால்
தேநீர்க் கோப்பைக்கு உறவென்றால் ரீமாவுக்குப் பிடிக்காது.

துளை ஒன்றுகூட இல்லை அதில்.
ஊதினால் போகாது, ஊற்றினால் கசியாது.
ஆனாலும் ஆக்சிஜன் போகிறது.
எப்படி என்றதற்கு
கையுறையைக் கழற்றி, தூசு படிந்த மேசையில்
விரலால் கட்டம் போட்டார் பொறியாளர் ரீமா.
எல்லாவற்றிலும் புள்ளி வைத்து ஒன்றை மட்டும் விட்டார்.
"இந்த வேகன்சிதான். பக்கத்தில் இருப்பது இங்கே தாவும்.
அதன் இடம் காலியாகும். அதற்கு அடுத்தது தாவும்."

எனக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.
கிங்ஸ்லின் குளச்சலுக்குப் போன செவ்வாய்க்கிழமை
அவன் கட்டில், அவன் லாக்கர்,
சாவியில் அவன் சுற்றிய பச்சை டேப்
எல்லாம் எனக்கு வந்தன.
என் பழைய கட்டிலில் அன்றிரவே ஒரு நேபாளி குறட்டை விட்டான்.

காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்.
சுவர்வரை வந்து, சூடு வாங்கிக்கொண்டு திரும்புகிறது,
மெடிக்கலில் தவறிய என் மைத்துனன்போல.
கடக்கும் ஆக்சிஜனோ ஆளுக்கு இரண்டு எலக்ட்ரான் சுமந்து போய்
அந்தப் பக்கம் மீத்தேனிடம் தன்னைத் தொலைக்கிறது.
சுமந்தது மட்டும்
அதே சுவர் வழியே ஊர் திரும்புகிறது, மாதாமாதம்.
மாதாமாதம் என்பது நான் சேர்த்தது.

மூன்றேகாலுக்கு மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டியது.
ஹீட்டர் விழுந்தது.
சத்தம் கேட்கவில்லை. திரையில்தான் தெரிந்தது:
வரக்கூடாத பக்கத்தில் நைட்ரஜன்.
மீத்தேனை அடைத்தேன். ரீமாவை எழுப்பினேன்.
"நாற்பத்தொன்றாக இருக்கும்," என்றார் தூக்கக் குரலில்,
"போன மாதமே அதன்மேல் எனக்குச் சந்தேகம்."

விரிசல் வேறு. காலியிடம் வேறு.
விரிசலில் யார் வேண்டுமானாலும் புகலாம்,
அதனால் யாருக்கும் பயனில்லை.

இனி நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறக்க வேண்டும்.
அவசரப்பட்டால் மிச்சமும் போகும்.
ஆறியபின் நாற்பத்தொன்றின் வாயில் மூடி வைப்போம்,
அறுபத்தொன்றோடு ஓடும்.

ஐந்து மணிக்குப் போன் அதிர்ந்தது. கிங்ஸ்லின்.
பின்னால் கடல் சத்தம், மீன் ஏலம்.
"மக்கா, அங்க வேகன்சி எதாவது இருக்கா?"

திரையில் எழுநூற்று நாற்பத்தைந்து.
எழுநூற்று நாற்பத்து நான்கு.