முப்பத்தைந்து கிராம்

லாபிஸ் ஆலையில் நான் எடைமேடைக் கிராணி.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்,
எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமையாய் வரும்,
மறுபடி எழுதுவேன்.
கழித்தால் மிஞ்சுவதுதான் காசு.
இருபது கிலோ குறைந்தால் யாரும் கேட்பதில்லை,
நேற்று மழை, இன்று வெயில் என்று
ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

இப்போது புதன்கிழமைதோறும்
கிளினிக் தராசில்
மூச்சுவிடும் ஒரு பொட்டலம்.
பம்பர்ஸைக் கழற்றிவிட்டு நிறுங்கள் மிஸ்ஸி என்கிறேன்,
எனக்குத் தெரிந்த மலாயில்.
மிஸ்ஸி ரொஹாய்தா சிரிக்கிறார்.
ரோஜா நிறப் புத்தகத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்,
போன வாரப் புள்ளிக்குப் பக்கத்திலேயே,
மேலே ஏற மனமில்லாதது போல.

சிகாமட் ஆஸ்பத்திரியில்
விடிகாலை மூன்றரைக்கு
கொடி சுற்றியிருக்கிறது என்று
வயிற்றைத் திறந்து எடுத்தார்கள்.
வழி மாறி வந்ததால்
வழியில் ஒட்டிக்கொள்ள வேண்டிய சில உயிர்கள்
ஒட்டாமல் போயிருக்கலாம் என்றார் டாக்டர் லிங்.
எனக்கு விளங்கியது இவ்வளவுதான்:
மாலையோடு வாசலில் ஒரு கூட்டம் நிற்க,
இவள் ஜன்னல் வழியாக வந்துவிட்டாள்.

சர்மிளாவுக்குக் காய்ச்சல். தையலில் சீழ்.
பால் இறங்க நாளாயிற்று.
ஆகவே டின்.
நல்ல கிருமி சேர்த்த பால்மாவு,
நூற்றுப் பதினெட்டு வெள்ளி.

நல்ல கிருமி!
பிள்ளை வரப்போகிறாள் என்று
மூன்று தரம் தரை துடைத்தவன் நான்,
தொட்டில் கம்பியைக்கூட விடவில்லை.
இப்போது ஓவர்டைம் செய்து
அவற்றின் சொந்தக்காரர்களை
டின்னில் அடைத்து வாங்கி வருகிறேன்.

எடை ஏறுமா டாக்டர்?
ஏறலாம் என்றார். நேர்மையான மனிதர்.
இதனால்தான் ஏறியது என்று
அடித்துச் சொல்ல முடியாது என்றார்.
அம்மாவின் பால் வர வர
அதைக் கொடுங்கள் என்றும் சொன்னார்.
இதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
டின்னின் பின்பக்கத்தை
கார் நிறுத்துமிடம் வரை படித்துக்கொண்டே போனேன்.

ஐந்தாவது புதன்.
முப்பத்தைந்து கிராம் கூட.
மிஸ்ஸி கைதட்டினார்.
எனக்குச் சந்தேகம்.
டாங்கியில் தண்ணீர் நிரப்பி
எடை காட்டும் ஓட்டுநர்களை
பதினோரு வருஷமாய்ப் பார்க்கிறேன்.

"நிறுக்கிறதுக்கு முன்னாடி கொடுத்தியா?"
"வரிசையில உட்கார்ந்திருந்தப்ப. அழுதா."
"எவ்வளவு?"
அவள் பேசவில்லை.
பையில் புட்டி, காலையில் கலக்கியது,
மூடி திறக்காமல் கிடந்தது.
அவள் துப்பட்டாவை இழுத்து
சட்டையின் ஈரத்தை மறைத்தாள்,
பிறகு மறைக்காமல் விட்டாள்.

ஆலைச் சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு லோரி.
வளைவில் ஒரு குலை உருண்டு
ரோட்டில் விழுந்தது.
வேறு நாளென்றால் ஹாரன் அடித்து நிறுத்தி
நம்பரைக் குறித்திருப்பேன்.
பின்சீட்டில் பிள்ளை
ஏப்பம் விட்டு அப்போதுதான் கண்ணை மூடினாள்.
குலையைச் சுற்றிக்கொண்டு
மெதுவாகப் போனேன்.