மூன்று காலில் நிற்கும் மாடு

போட்டோக்கொப்பி எடுக்கத்தான் கொண்டுவந்தாள்.
பிஸ்கற் பெட்டியை வெட்டித்
தட்டி நிமிர்த்திய தகரம்,
நாலு மூலையிலும் ஆணித்துளை.
மெசினின் மூடி அதன்மேல் மூடவில்லை.
ஓரத்தால் கசிந்த வெளிச்சம்
என் சேட்டில் ஏறி இறங்கியது.

பெயர் இமேஷா. ஊர் குளியாப்பிட்டி.
உடையார்கட்டுச் சந்தியில்
சிங்களம் தெரிந்தவர் ஆர் என்று கேட்டதற்கு
என் கடையைக் காட்டியிருக்கிறார்கள்.
புனர்வாழ்வில் பதினெட்டு மாதம்
எனக்குப் படிப்பித்த சிங்களம்
அன்றுதான் உத்தரவு இல்லாமல் கதைத்தது.

தகரத்தின் பின்பக்கம்
பிஸ்கற் கடிக்கிற பெண்ணின் பாதி முகம்.
அவள் கன்னத்தில் தகப்பனின் பென்சில் எழுத்து:
'உடையார்கட்டு. 2009 பெப்ரவரி. ஒரு வீட்டில்.'
பதினைந்து வருசம் டீவிக்கு மேலே தொங்கியதாம்.
தகப்பன் போன தையில் போய்விட்டார், ஈரல் வருத்தம்.
கீறினவரைக் காணவேண்டும் என்றாள்.
சிஹிவட்டனய என்றாள்.
நினைவுப் பொருள் என்று அதற்குத் தமிழ் இருக்கிறது.
விசாரித்த இடமெல்லாம் நான்
'தகப்பன் எடுத்துக்கொண்டு போனது' என்றே சொன்னேன்.

படம் இதுதான்.
மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வானம்,
மிச்சமெல்லாம் மண்ணும் புல்லும்.
ஒரு கிணற்றுக்கட்டு, இடப்பக்கம் உடைந்தது.
சைக்கிள் சில்லு, அதுவும் கீழ்ப்பாதி.
ஒரு மாடு. வயிற்றோடு தகரம் முடிந்துவிட்டது.
கால் மூன்று.
கீறின ஆளுக்குக் கிட்டம் தூரம் தெரியாது என்று
அவளுடைய சித்திர ரீச்சர் சொன்னாராம்.

ஹாட்வெயார் நகுலன் நகத்தால் சுரண்டினான்.
'எனாமல். சங்கக்கடைக் கதவுக்கு அடிச்ச பச்சை.
அடிச்சது பரராசா அண்ணை. அவர் மாத்தளனில...'
அவன் முடிக்கவில்லை,
நானும் மொழிபெயர்க்கவில்லை.
மிஞ்சின பெயின்ற் பேணி
எந்த வளவுக்குப் போனது என்று
ஆருக்கு ஞாபகம்?

பிறகு கிணறு கிணறாய்ப் போனோம்.
நாய் கலைத்தது ஒரு வளவில்,
தேத்தண்ணி தந்தார்கள் இன்னொன்றில்.
குளக்கட்டுக்குக் கீழே, வெயில் சாய்கிற நேரம்,
இடப்பக்கம் உடைந்த கட்டு.
சுற்றிச் சுற்றி நின்று பார்த்தோம்.
எங்கே நின்றாலும் வானம் கூடிப்போனது.

காலில் நெருஞ்சி ஏறிக் குனிந்தவள்
நிமிராமலே கையைக் காட்டினாள்.
எருக்கலை மூடின பள்ளம்.
பனங்குற்றிகளை ஆரோ விறகுக்கு எடுத்திருந்தார்கள்.
நானும் வெட்டியிருக்கிறேன், இதைவிட ஆழமாய்.
இறங்கினேன். இடுப்பு. நெஞ்சு. கழுத்து.
கண் மண்ணுக்குச் சமனாய் வந்ததும்
கிணற்றுக்கட்டு
தன்ர இடத்தில் வந்து நின்றது.

வீடு எங்கே என்று கேட்டாள் இமேஷா.
காலடியைக் காட்டினேன்.

பக்கத்து வளவுக்காரர் நம்பர் தந்தார்.
கமலவேணி. இப்போது தருமபுரத்தில் கோழி வளர்க்கிறா.
போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

'படமோ? அது யன்னல், தம்பி.
சின்னவன் உள்ளுக்க இருக்கமாட்டன் எண்டு ஒரே அழுகை.
அந்தப் பக்கச் சுவர் இல்லாட்டி
என்ன தெரியுமோ, அதைத்தான் கீறினனான்.'

கொஞ்ச நேரம் கோழிகள் மட்டும் கதைத்தன.

'மாடு நிக்குதோ அதில?'
நிற்கிறது, மூன்று காலில், என்றேன்.
'ஓம். நாலாவதைக் கீற முன்னம்
வெளிக்கிட்டிட்டம்.'

சின்னவன் இப்போது என்ன செய்கிறார் என்று
கேட்கச் சொன்னாள் இமேஷா.
இரண்டு தரம் சொன்னாள்.
நான், உயிர்க்கோழி கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
கமலவேணி விலை சொன்னா.
பிறகு தானே கேட்டா:
'அந்தப் பிள்ளை வீட்டில
எந்த உயரத்தில மாட்டியிருந்தது?'

டீவிக்கு மேலே.

'அது பிழை' என்றா.

அதை மட்டும் உடனே மொழிபெயர்த்தேன்.