உயரப் பந்து

ஒன்பது ஆட்டம், இருபத்தேழு கோல்.
எண்ணியவன் நான். வாங்கியவனும் நான்.
ஒன்பதாவது தோற்ற இரவு
பொருளாளர் செபஸ்தியாம்பிள்ளை
கழகக் கொப்பியை விரித்துக் காட்டினார்:
மைதான விளக்குக்குக் கரண்ட் பாக்கி,
மன்னாருக்குப் போன பஸ் கூலி பாக்கி,
எங்கள் சம்பளம், அது மூன்று மாதம்.
கடைசிப் பக்கத்தில் யாரோ கீறிய சூடை மீன்.
அதற்கு மட்டும் கடன் இல்லை.

சேட்டுகள் ஐஸ் தொழிற்சாலை தந்தது.
முதுகு நிறைய அதன் பெயர்.
கிளிநொச்சியில் சனம் கத்தியது:
"ஐஸ்காரர் உருகீற்றினம்!"
நாங்களும் சிரித்தோம். வேறென்ன செய்ய?

மாசியில் இரண்டு பொடியள் வந்தார்கள்,
மீன்பெட்டிகளுக்கு நடுவில்
ஐஸ் லொறியின் பின்னால் ஏறி.
றெமீசியஸுக்குப் பதினெட்டு.
அபினயனுக்கு இன்னும் ஆகவில்லை;
தாய் கையெழுத்து வைத்தாள்.
சப்பாத்து ஒரு சைஸ் பெரிது என்று
முனையில் பழைய பேப்பர் அடைத்திருந்தான்,
ஓடினால் சரசரக்கும்.

எங்கள் பின்வரிசைக்கு ஒரு பழக்கம் இருந்தது.
பந்து உயர எழும்பினால்
தலை தோளுக்குள் போய்விடும்.
யசோதரன் ஆறடி, பனை மாதிரி ஆள்,
முழங்கால் தானாக மடியும் அவனுக்கு.
எனக்குக் கண் மூடும், அரைக் கணம்தான்.
அந்த அரைக் கணத்துக்குள்
இருபத்தேழில் பத்தொன்பது விழுந்தன.
இதைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை.
"பந்தைப் பாருங்கோடா" என்பார் கோச்,
நிலத்தைப் பார்த்தபடி.

பத்தாவது ஆட்டம் எங்கள் மண்ணில்.
விளக்கில்லை, மூன்று மணிக்கே தொடங்கியது.
கடற்காற்றில் கொடிக்கம்பு சாய,
வேலிப்பக்கம் நாற்பது பேர்,
பணிஸ்காரனோடு நாற்பத்தொன்று.
இடைவேளைக்குத் தேசிக்காய்த் துண்டு சப்பினோம்.
பூச்சியத்துக்குப் பூச்சியம்.
எங்களுக்கு அதுவே பெருநாள்.

பிறகு ஒரு கோர்னர்.
றெமீசியஸ் காற்றைக் கேட்டுவிட்டு அடித்தான்.
பந்து போனது, போனது,
சூரியனுக்குள் போய் மறைந்தது.
எதிரணிக்காரரும் எங்கள் வயதுக்காரர்தான்.
அவர்களின் தோள்களும் உயர்வதை
இந்தக் கோலடியில் நின்று கண்டேன்.

அபினயன் மேலே பார்த்தான்.
அவ்வளவுதான் அவன் செய்தது.
மழைக் குணம் பார்க்கவும்
பந்து இறங்கும் இடம் பார்க்கவும் தவிர
வானத்தோடு அவனுக்கு
வேறு கொடுக்கல் வாங்கல் இல்லை.
வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு
பேப்பர் சரசரக்க ஏறினான்.
வலை அதிர்ந்த பிறகுதான்
எனக்குச் சத்தம் கேட்டது.

கடைசி நிமிடம் அவர்களுடைய கோர்னர்.
யசோதரன் குனிந்துதான் போனான்.
குனிந்த முதுகின் மேலால்
"அண்ணை, என்ர!" என்று கத்தியபடி
அதே பொடியன் பாய்ந்து தட்டினான்.
விசில்.
யசோதரன் எழும்பவில்லை.
புல்லைப் பிடுங்கிக்கொண்டு இருந்தான் கனநேரம்.
அபினயன் போய்ப் பக்கத்தில் குந்தினான்,
நாரி பிடித்துக்கொண்டது என்று நினைத்து.

அதன் பிறகு நான்கு வென்றோம், இரண்டு தோற்றோம்.
வேலியில் இப்போது இடமில்லை,
பணிஸ்காரன் தம்பியையும் கூட்டி வருகிறான்.
ஒரு மாதச் சம்பளம் வந்தது.
றெமீசியஸைக் கொழும்பில் கேட்கிறார்களாம்;
செபஸ்தியாம்பிள்ளை கொப்பியில் எழுதவில்லை,
எழுதினால் உண்மையாகிவிடும் என்று.

நான் இரவில்,
ஐஸ் தொழிற்சாலை முற்றத்தில்,
கடைசி லொறி போன பிறகு
பந்தை மேலே எறிகிறேன்.
ஒன்று, பார்த்தேன். பிடித்தேன்.
இரண்டு, பார்த்தேன்.
மூன்றாவதுக்குக் கண் மூடுகிறது.
பந்து ஈர நிலத்தில் விழுந்து
தண்ணீரைத் தெறித்து உருளுகிறது.
போய் எடுத்து வருகிறேன்.
திரும்ப ஒன்று.