வெறும் வண்டி எடை

செவ்வாய்க்கிழமை, ஏழு மணி, காரைக்குடி.
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
டாக்டரம்மா எழுதிக்கொடுத்திருந்தார்.
இடத்தைப் பாதி
என் கைவேர்வை அழித்துவிட்டது.
'செட்டியார் வீடு, பின்' வரைக்கும் இருக்கிறது.
இந்த ஊரில் எது செட்டியார் வீடு இல்லை?

அந்தக் கடைக்கு நான் வழி கேட்டதே கிடையாது.
எந்த ஊரில் இறக்கிவிட்டாலும்
கால் தானாகப் போய் நிற்கும்.
இதற்குக் கேட்க வேண்டியிருந்தது.

பெட்டிக்கடையில், "இங்க ஒரு மீட்டிங்..."
"எந்தக் கட்சிண்ணே?"
பூ கட்டுகிறவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு
"துக்க வீடா?" என்றாள்.
தலையாட்டிவிட்டேன்.
அவள் கை காட்டிய பக்கம் போனால்
நிஜமாகவே ஒரு துக்க வீடு.
பந்தலில் நாற்காலி இழுத்துப் போட்டார்கள்.
யாரென்று தெரியாத ஒருவருக்காகப்
பத்து நிமிடம் தலைகுனிந்து உட்கார்ந்தேன்.
சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்,
அங்கே அதுதானே முறை.

ஏழே கால்.
ஒரு தேக்குக் கதவு, அதில் முழங்கை நீளப் பூட்டு.
காவல்காரர் பீடியை எடுக்காமலே சொன்னார்:
"நீங்க தேடுறது அந்தத் தெருவுல."
"அது வேற வீடா?"
"இதே வீடுதான். இங்க ஆரம்பிச்சு அங்க முடியுது."

சுவரில் கை வைத்தபடி நடந்தேன்.
பகல் சூடு இன்னும் காரைக்குள் இருந்தது.
நடக்க நடக்கச் சுவர்.
பாதியில் ஒரு சந்து,
சந்து முனையில் அந்தப் பச்சைப் பலகை.
நின்றுவிட்டேன்.
பையில் இருநூற்று எழுபது ரூபாய்.
ஒரு குவார்ட்டர், ஒரு அவித்த முட்டை, புதுவயலுக்கு பஸ்,
கணக்கு தானாக ஓடி முடிந்தது.

கணக்குத்தான் என் வேலை.
அரிசி ஆலை எடைமேடையில் இருபத்திரண்டு வருடம்.
லோடோடு ஏற்றி ஒரு எடை,
நெல்லை இறக்கி வெறும் வண்டி ஒரு எடை,
கழித்தால் வருவதற்குத்தான் காசு.
போன மாதம் வள்ளிக்கண்ணு
முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்,
சண்டையெல்லாம் இல்லை, சும்மா கேட்டாள்:
"உங்கள இறக்கிவிட்டுட்டு
இந்த வீட்ட எடை போட்டா எவ்வளவுங்க வரும்?"

எவ்வளவு நேரம் நின்றேனோ.
ஒரு நாய் வந்து மோந்துவிட்டுப் போனது.
பிறகு சுவர் பக்கமாகவே நடந்தேன்.

பின்வாசலில் ட்யூப்லைட்.
ஒன்பது ஜோடிச் செருப்பு,
அதில் ஒன்று லாரி டயரில் வெட்டித் தைத்தது.
அதை எனக்குத் தெரியும்.
அறந்தாங்கி நெல் லாரி இன்னாசிமுத்து.
போதையில் ஒருமுறை
அவரைக் கேபினில் வைத்துக்கொண்டே
வெறும் வண்டி எடை போட்டுவிட்டேன்.
எழுபத்தெட்டு கிலோ நெல் காணாமல் போனது.
அவர் கூலியில் பிடித்தார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தேன்.
"எடைக்காரரா? உள்ள வாங்க, டீ ஆறுது."
நகர்ந்து இடம் விட்டார்.
"இப்ப நான் எண்பத்தாறு.
விட்டதுலேருந்து சோறு எறங்குது."

சீர்ப்பாத்திரம் அடுக்கிவைத்த அறையாம் ஒரு காலத்தில்.
இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகள்.
முதுகில் வாடகைக் கடையின் பெயர்,
துக்க வீட்டிலும் இதே பெயர்தான்.
ஒரு பையன் பேசிக்கொண்டிருந்தான்.
தங்கையின் கொலுசைப் பற்றி,
அது போன இடத்தைப் பற்றி.
மூலையில் ஒரு அம்மா
பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.
அவரும் எங்களில் ஒருவர் என்பது
எனக்குப் பிறகுதான் உறைத்தது.

என் முறை வந்தது.
"பேரு சாத்தையா."
அடுத்து சொல்ல வேண்டியது
தொண்டையில் குறுக்கே நின்றது.
யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.
மின்விசிறி மூன்று நான்கு சுற்று சுற்றியது,
பக்கத்து ஆள் தன் பெயரைச் சொன்னார்.

கிளம்பும்போது இன்னாசிமுத்து சீட்டை வாங்கி
அழிந்த இடத்தில் 'பின்வாசல்' என்று எழுதினார்.
எழுபத்தெட்டு கிலோவைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
அது பாக்கி இருக்கிறது.

கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தது.
நான் உள்பக்கமாக உட்கார்ந்தேன்.