பதினேழு மணி நேர ஆண்டு

அட்டகாமாவில் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
கடன் வாங்கிக்கொண்டு ஓடிப்போன சொந்தக்காரனைப் போல
பெயரைத் தவிர்த்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள்.

இரவுப் பணியில் பதினோராவது நாள்.
தெல்ஃபினா ஓயார்சோ தொலைநோக்கியை
மகர ராசிக்குச் சற்றுத் தெற்கே திருப்புகிறாள்.
அங்கே ஒரு விண்மீன், வெறுங்கண்ணுக்கு எட்டாதது.
அதைச் சுற்றி ஒரு கல்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்.
இங்கே முழு உலகம் ஒன்றை
வெளிச்சத்தில் மறைத்து வைத்திருக்கிறது.

கல்லை யாரும் பார்த்ததில்லை.
விண்மீன் லேசாகத் தள்ளாடுகிறது, அவ்வளவுதான்.
முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம்,
நொடிக்கு ஒன்றரை மீட்டர்.

"உன் நடை வேகம்" என்கிறாள்,
தேநீர்க் கெட்டிலோடு படியேறி வரும் சமையற்காரனிடம்.
எலெவ்தேரியோவுக்கு முப்பத்துநாலு வயது.
இடது காலை யோசித்த பிறகே ஊன்றுவான்.
"அப்படியென்றால் அதற்கும்
முழங்காலுக்குக் கீழே ஏதோ நடந்திருக்கிறது."

அதன் ஆண்டுக்குப் பதினேழு மணி நேரம்.
விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறான்:
"நான் இந்த முறை மலையேறி வந்த பிறகு
பதினைந்து பிறந்தநாள் போய்விட்டது.
ஒன்றுக்கும் கேக் செய்யவில்லை."

ஒரு முகம் எப்போதும் தீயைப் பார்த்தபடி.
மறுமுகம் ஒருநாளும் பார்த்ததில்லை.
நடுவில் ஓர் அந்தி,
விடியவும் மாட்டாமல் இருட்டவும் மாட்டாமல்
வளையமாக நிற்கிறது.
பகல் பக்கத்தில் பாறை உருகிக் கடலாகி
கடல் கொதித்து ஆவியாகி
ஆவி காற்றில் ஓடி, இரவைத் தொட்டதும்
சரளைக்கல்லாகக் கொட்டக்கூடும்.
கணக்கு அப்படிச் சொல்கிறது.
மழையைப் பேசாத ஊரில்
தெல்ஃபினா கல்மழையைப் பேசுகிறாள்.

பாலை என்று சொல்லிவிடலாமா என்றால்
பாலைக்குப் பிரிந்து போக ஒருவன் வேண்டும்,
சுவரில் கோடிழுத்து நாள் எண்ண ஒருத்தி வேண்டும்.
இங்கே வெயில் இருக்கிறது,
அதில் நடக்க ஒரு காரணம் இல்லை.

"கடல் முழுக்கச் சிவப்பாக இருக்கும், இல்லையா?"
தலையசைத்து மறுக்கிறான்.
செம்பு உருக்காலையில் ஆறு வருஷம் நின்றவன்.
"நேராகப் பார்த்தால் நிறமே இருக்காது.
கண் கூசும், அவ்வளவுதான்.
கொஞ்சம் ஆறினால் மேலே ஆடை பிடிக்கும்,
காய்ச்சிய பாலில் பிடிப்பது போல, ஆனால் கறுப்பாய்.
அது வெடிக்கிற இடத்தில்தான் சிவப்பு."
"சத்தம்?"
"சத்தம் கிடையாது.
அன்றைக்கும் இல்லை."

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.
கோப்பையைச் சுற்றிக்கொண்டிருக்கிறான், குடிக்காமல்.

பிறகு அவனே கேட்கிறான்:
"அங்கே என்ன வாசனை?"
பதினெட்டு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறாள்.
அழுத்தம் கேட்டிருக்கிறார்கள், அடர்த்தி கேட்டிருக்கிறார்கள்.
"சோடியம் இருக்கலாம். சிலிக்கா. கொஞ்சம் இரும்பு."
"அது வாசனையில்லை, சாமான் பட்டியல்."
"நீ சொல்லேன்."
"கந்தகம் இருந்தால்
நாக்கில் காசு வைத்தது மாதிரி இருக்கும்.
வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் சோற்றில் வரும்.
கந்தகம் இல்லாவிட்டால் எனக்குத் தெரியாது."

ஐந்து நாற்பதுக்குக் குவிமாடம் மூடுகிறது.
கிழக்குச் சரிவின் கற்கள்
ஒவ்வொன்றாகப் பாதி முகம் வெளுக்கின்றன.
தெல்ஃபினா பதிவேட்டை நிரப்புகிறாள்:
காற்று வடக்கிலிருந்து. ஈரம் நான்கு சதவீதம்.
அளவீடுகள் இருபத்தாறு, வீணானவை இரண்டு.
எலுமிச்சை தீர்ந்துவிட்டது, கீழே சொல்லவும்.
குறிப்பு: வாசனை தெரியவில்லை.

பெல்ஜியத்திலிருந்து யோஸ்ட் உடனே பதில் போட்டிருக்கிறார்:
"கடைசி வரி எந்தக் கருவியைப் பற்றியது?"

அவள் அதற்குள் அறைக்குப் போய்
ஜன்னலின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு
தன் பக்கத்து இரவுக்குள் படுத்துவிட்டாள்.
சமையலறையில் வெங்காயம் வதங்குகிறது.