ஈரக் கழிவு

பொகவந்தலாவையில், கீழ்ப்பிரிவு மடுவத்தில்
கொழுந்து நிறுப்பவன் நான்.
மழை நாளில் கூடைக்கு
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ,
சாக்குக்கென்று ஒன்று கழிப்பேன்.
பாட்டுக்கும் அதே கைதான்.

"லயத்தில் இருப்பவனுக்கு லயம் எதற்கு?"
என்று சிரித்தார் ஹட்டன் கசெட் கடைக்காரர்.
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
அவர் கடையில் ஓடிக்கொண்டிருந்த மிருதங்கம்
மூன்றாம் சுற்றில் அரை அட்சரம் தவறியதைச்
சொல்லிவிட்டு இறங்கினேன்.

தனி ஆவர்த்தனத்தில் எழுந்து
தேநீர் குடிக்கப் போகிறவனை
நான் மன்னிப்பதில்லை.
அந்தத் தூள் என் தராசில் ஏறி இறங்கியதாகவே இருக்கட்டும்.

ஸ்டூடியோவில் பதிந்த பாட்டு
கல் பொறுக்கிய அரிசி.
குறை சொல்ல முடியாது.
ஆனால் யாராவது ஒருவர் இருமினால்தான்
மண்டபம் எத்தனை அகலம் என்று எனக்குத் தெரியும்.

மேல் ஷட்ஜத்தில் ஏறி நின்று
கைதட்டலுக்குக் காத்திருக்கிறவர்களை நம்பமாட்டேன்.
மலை ஏறுவது எவருக்கும் வரும்.
முதுகில் கூடையோடு
ஈரக் கல்லில் இறங்கும்போதுதான்
கால் எப்படிப்பட்டது என்று தெரியும்.

அப்படி இறங்கத் தெரிந்தவர் எனக்கு ஒருவர்தான்:
சுழிபுரம் ஞானாம்பிகை.
அவருடைய சஹானா
ஒரு பக்கம் முழுக்க.
நாற்பத்தைந்து நிமிடம் என்று அட்டை சொல்லும்,
என் காம்பராவில் ஐம்பதைத் தாண்டி ஓடும்.
அதை அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

கரண்ட் இல்லாத லயம். நாலு பெட்டரி.
சம்பளத்துக்கு முந்தின வாரங்களில்
அடுப்பு மேட்டில் வைத்துச் சூடாக்கிப் போடுவேன்.
பனி கதவுக்குக் கீழே நுழையும் நேரம்
அவர் ரிஷபத்தில் சாய்ந்து
எழுந்திருக்க மனமில்லாமல் கிடப்பார்.
இவ்வளவு நிதானம்
இலங்கையில் வேறு தொண்டைக்கு இல்லை என்று
நோர்வூட் பஸ்ஸில் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு அவர் ஹட்டனுக்கே வந்தார்.
பாடசாலை மண்டபம், நாலாவது வரிசை,
இரவல் கம்பளிச் சட்டை.
அதே சஹானா.
எனக்கு முகம் சுருங்கிவிட்டது.
குரல் மெலிந்து மேலே நிற்கிறது,
சங்கதிகள் ஒன்றையொன்று முந்துகின்றன,
இரவு ரயிலைப் பிடிக்கிற பாட்டு.
மறுநாளே தபாலட்டை எழுதினேன்:
"அம்மா, தாங்கள் சுருதியை ஒரு கட்டை ஏற்றிவிட்டீர்கள்.
சஹானா அவசரம் பொறுக்காது."

பதினெட்டு நாளில் பதில் வந்தது.
சாய்ந்த எழுத்து, நீல மை:
"இருபது வருடமாக ஐந்தரைக் கட்டைதான்.
தயவுசெய்து புதுப் பெட்டரி போடவும்."

போட்டேன்.
ஆலய ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு
அந்தோனிமுத்து வந்து உட்கார்ந்தான்.
ஐந்தரை.
பழசை மாற்றிப் போட்டோம்.
நாலரை.
அவன் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

புதுசில் ஒருமுறை முழுக்கக் கேட்டேன்.
நாற்பத்தைந்து நிமிடம், சரியாக.
நல்ல பாட்டு. என்ன குறை அதில்?
ஆனாலும் சொல்லிவிடுகிறேன்,
என் அபிப்பிராயம் மாறவில்லை:
நாலரையில் பாடியவரே பெரியவர்,
அப்படி ஒருவர் பாடவே இல்லை என்றாலும்.
பழைய நாலையும் எறியவில்லை.

திங்கட்கிழமை மடுவத்தில் வரிசை.
அன்னப்பாக்கியம் கூடையை மாட்டிவிட்டு
எப்போதும் சொல்வதைச் சொன்னாள்:
"தராசையும் ஒருநாள் நிறுத்துப் பாருங்களேன்."
எப்போதும் சிரிப்பேன்.
அன்று பேனை
கழிவுக் கட்டத்தின் மேலேயே நின்றது.
முள் ஆடி ஓய்ந்தது.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"மழையே இல்லையே இன்னைக்கு" என்றாள்
மெதுவாக,
ரிஷபத்தைத் தொடுகிற மாதிரி.